குடிகார எட்டு

பழைய வண்டி விற்கும் தரகர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் ஏதோ பட்டம் வாங்கியவள் போலத்தான் நடந்துகொள்வாள். விபத்தான வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதும் வேலையில் இருபத்தாறு வருஷம் இருந்தவள். அதை விட்ட பிறகு, ஐம்பது அறுபது வருஷப் பழசான கார்களை வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு, அந்தக் கார் அசலா போலியா என்று பார்த்துச் சொல்வதைத் தொழிலாக வைத்துக்கொண்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள், அவளிடம் ஒரு திருகாணி தப்பாது என்று சொல்லிக்கொள்வார்கள். வந்த மாப்பிள்ளைகளையும் டார்ச் அடித்துப் பார்த்திருப்பாள், அதனால்தான் கல்யாணமே ஆகவில்லை என்றும் சொல்லிக்கொள்வார்கள்.

உலகத்தில் காது குத்துகிறவர்கள், காதைக் காட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் என்று இரண்டே வகை மனிதர்கள் என்பது அவள் முடிவு. இரண்டிலும் சேராதவள் அவள் ஒருத்திதான்.

விற்க வருகிறவன் "ஒரே கை வண்டி மேடம்" என்பான். டிரைவர் சீட்டைப் பார்த்தால் ஒரு குண்டர், ஒரு ஒல்லி, சாய்ந்தே உட்காரும் ஒரு சோம்பேறி என்று மூன்று பேர் உட்கார்ந்த பள்ளம் இருக்கும். "மழையே படாத வண்டி" என்பான். தரைவிரிப்பைத் தூக்கினால் தவளை வளர்க்கலாம். கதவில் காந்தத்தை வைத்தால் ஒட்டாமல் கீழே விழும், ஏனென்றால் இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரல் கனத்துக்குப் பட்டி பூசி மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள். வாங்க வருகிறவன் இவனைவிட மோசம். பளபளப்பைக் கண்டவுடன் வாயைப் பிளப்பான். சின்ன வயதில் பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருந்த வண்டி என்று கண் கலங்குவான். கலங்கிய கண்ணுக்கு என்ன தெரியும்?

இந்த மாதத்து ஏமாளி ஒரு பல் டாக்டர். போன வருஷம் அவர் ஒரு சிவப்புக் கார் வாங்கினார். அதன் முன்பாதி ஒரு வண்டியுடையது, பின்பாதி வேறொன்றுடையது, நடுவில் வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். நாள் பூராவும் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப்பார்த்துச் சொத்தை கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு, விரல் தடிமனில் ஓடிய அந்த வெல்டிங் கோடு தெரியவில்லை. இதை அவருடைய கிளினிக்கிலேயே, நோயாளிகள் உட்கார்ந்திருக்கும்போதே, அவள் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள். பாவம், அவரும் வாயைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் கண் வைத்திருப்பது ஒரு பச்சை நிறக் கார். எப்போதோ மூடிப்போன ஒரு கம்பெனி, தொடங்கிய முதல் வருஷத்தில் செய்தது. விற்பவர் ரிட்டையர் ஆன கணக்கு டீச்சர். கணவர் வாட்ச் ரிப்பேர் செய்பவர், இரண்டு வருஷத்துக்கு முன்பு இறந்துவிட்டார். டீச்சர் இந்த மாதக் கடைசியில் மகளோடு இருக்கப் போகிறார். மகள் இருப்பது மூன்றாவது மாடியில், கீழே சைக்கிள் நிறுத்தவே இடம் கிடையாது.

"உதிரி பாகக் கடைக்காரர் ரெண்டு தடவ வந்து பாத்துட்டுப் போயிட்டாராம் மேடம்" என்றார் டாக்டர், போகிற வழியில். "கதவு, கியர் பாக்ஸ், விளக்கு எல்லாம் கழட்டிக்கிட்டு மிச்சத்த வெட்டிடுவேன்னு சொல்றாராம். டீச்சருக்கு அது புடிக்கல. முழுசா வச்சு ஓட்டுறவங்களுக்குத்தான் தருவேங்கிறாங்க."

"அப்ப நீங்க வாங்கிக்க வேண்டியதுதான?"

"நீங்க அசல்னு எழுதிக் குடுத்தா வாங்குறேன். இல்லேன்னா வேண்டாம். ஒரு தடவ சூடு பட்டாச்சு."

"பட்டது உங்களுக்கு. எரிச்சல் எனக்கு" என்றாள் அவள்.

வீட்டின் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஷெட். உள்ளே சுவரில் திருப்புளிகள் சின்னதிலிருந்து பெரிதுவரை வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் பின்னால் சுவரில் அதன் உருவத்தைப் பென்சிலால் வரைந்திருந்தார்கள், எடுத்தால் எது இல்லை என்று தெரியும்படி. இப்படி ஒழுங்காக இருக்கும் இடங்களைக் கண்டால் அவளுக்குச் சந்தேகம்தான் வரும். டீச்சர் போர்வையை விலக்கி நான்கு கதவுகளையும் திறந்துவைத்துவிட்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். எழுபத்திரண்டு வயது. பரீட்சை எழுதும் பிள்ளையைப் பார்ப்பது போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வேலையை ஆரம்பித்தாள். காந்தம் எங்கே வைத்தாலும் ஒட்டியது. ஆறு கண்ணாடிகளின் மூலையிலும் ஒரே வருஷ முத்திரை. மீட்டரில் காட்டிய தூரத்துக்கு ஏற்றபடி பிரேக் மிதியின் ரப்பர் வலது ஓரத்தில் தேய்ந்திருந்தது. தரைவிரிப்புக்குக் கீழே கம்பெனி அடித்த செங்காவிப் பூச்சு அப்படியே இருந்தது. கதவின் உள்பக்கத் தகட்டைக் கழற்றினால், எந்தத் தொழிலாளியோ அவசரத்தில் கிறுக்கிய பென்சில் எண். போலி செய்கிறவனுக்கு இதெல்லாம் இருக்க வேண்டும் என்றே தெரியாது.

ஒரு மணி நேரம் போயிற்று. அவளுக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே வந்தது. குறை கிடைக்காத நாள் அவளுக்குப் பட்டினி கிடந்த நாள். கடைசியாகத்தான் பானெட்டைத் தூக்கி, என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரில் வண்டியின் எண்ணைப் பார்த்தாள். உளி வைத்து அடித்துப் பதிக்கிற எண் அது. ஒரு வண்டிக்கு அதுதான் பிறப்புச் சான்றிதழ், மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம்.

எண் ரூல் போட்டு எழுதியது போல நேராக இருந்தது. லென்ஸை எடுத்தாள். எழுத்துகளைச் சுற்றி அரம் ஓடிய மெல்லிய கீறல்கள். தகடு அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மெலிந்திருந்தது. பழையதைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். நல்ல கை, சந்தேகமில்லை. நல்ல கை இருக்கிறவன்தான் திருடுவான்.

அகப்பட்டாயா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பசி தீர்ந்தது.

"டாக்டர், இங்க வாங்க. இந்தக் கீறல் தெரியுதா? பல்லுல இருந்தா தெரிஞ்சிருக்கும். நம்பரத் தேச்சு எடுத்துட்டு வேற அடிச்சிருக்காங்க. வேற எவனோட வண்டியோ, பேப்பர் வேற எதுக்கோ. கிளம்புங்க, போலாம்."

டாக்டரின் முகம் சுருங்கிப்போயிற்று. முக்காலியில் இருந்த டீச்சர் அசையவில்லை.

"திருட்டு வண்டிங்கிறீங்களா?" என்று கேட்டார்.

"நம்பரத் தேய்க்கிறவங்க வேற எதுக்கு டீச்சர் தேய்ப்பாங்க? அழகு பாக்கவா?"

"நீங்க சொன்னீங்கன்னுதான் தேச்சாரு."

அவளுக்கு விளங்கவில்லை. "நானா? உங்கள நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"என்னைப் பாத்ததில்ல. அவரப் பாத்திருக்கீங்க. ஆறு வருஷம் முன்னாடி, ஞாயித்துக்கிழம, ஸ்கூல் மைதானத்துல உங்க சங்கத்துக்காரங்க வண்டியெல்லாம் கொண்டாந்து நிறுத்துனீங்களே, அன்னைக்கு."

அவளுக்கு அந்த மனிதரின் முகம் ஞாபகம் வரவில்லை. வண்டியும் ஞாபகம் வரவில்லை. ஆனால் எட்டு ஞாபகம் வந்தது.

பழைய வண்டிக்காரர்கள் சங்கத்தில் அவள் பேச்சுக்கு எப்போதும் கூட்டம் உண்டு. அன்றைக்கும் நாற்பது பேர் பின்னாலேயே வந்தார்கள். ஏதோ ஒரு வண்டியின் பானெட் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தாள். எண் கோணல்மாணலாக இருந்தது. "இந்த எட்டப் பாருங்க, நல்லா குடிச்சிட்டு இடது பக்கம் சாஞ்சு நிக்குது. பக்கத்துல இருக்குற நாலு ரெண்டு தடவ அடி வாங்கியிருக்கு, குடிகாரனுக்குப் பக்கத்துல நின்னா அப்படித்தான். கம்பெனில மெஷின்தான் நம்பர் அடிக்கும், நேரா அடிக்கும். இது எவனோ கொல்லைப்பக்கம் உக்காந்து அடிச்ச போலி" என்றாள். நாற்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள். பக்கத்தில் துணியும் கையுமாக ஒருவர் நின்றிருக்க வேண்டும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடல" என்றார் டீச்சர். குரல் வகுப்பெடுப்பது போல நிதானமாக இருந்தது. "இது எங்கப்பா புதுசா வாங்குன வண்டி. ஷோரூம்ல இருந்து வரும்போது பதினாலு வயசுல நான் பின்சீட்டுல உக்காந்து வந்தேன். இது எப்படிங்க போலியாகும்னு கேட்டேன். அந்தம்மா எத்தனையோ வண்டி பாத்தவங்க, அவங்களுக்குத் தெரியாதா, கம்பெனிக்காரன்தான் ஏதோ தப்பா அடிச்சுட்டான்னாரு. அதுக்கப்புறம் நாலு வாரம் பழைய தகட்டுல அடிச்சு அடிச்சுப் பழகினாரு. வாட்ச் ரிப்பேர் பண்ற கையில்லையா, நல்லா வந்துச்சு. அதே நம்பரத்தான் திரும்ப அடிச்சாரு, ஒண்ணையும் மாத்தல. ஆனாலும் மைதானத்துக்கு மறுபடி வண்டிய எடுத்துட்டுப் போகல."

டாக்டர் செருமினார். "டீச்சர்தான் மேடம், நீங்க வந்து பாத்தாத்தான் விப்பேன்னு சொன்னாங்க."

"ஆமா. தப்புன்னு சொன்னவங்களே சரின்னு சொல்லணும் இல்லையா?" டீச்சர் எழுந்து வந்து, எண்ணின் மேல் விரலை வைத்துக் காட்டினார். "இப்ப நேரா இருக்குல்ல? பாத்துச் சொல்லுங்க."

கிண்டலாகச் சொல்கிறாரா என்று அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். பழைய வண்டிகளில் பொய்யைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அந்த முகத்தில் ஒரு பொய்யும் கிடைக்கவில்லை. உண்மையாகவே பாராட்டை எதிர்பார்த்து நின்றார். அவள் லென்ஸைப் பைக்குள் போட்டாள். "ரெண்டு நாள் டைம் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

டீச்சருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்பு, இந்தக் காரைச் செய்த கம்பெனியில் வேலை பார்த்த ஒரு கிழவரைச் சந்தித்தாள். முதல் இருநூறு வண்டிகள் வரை எண் அடிக்கும் மெஷினே வந்து சேரவில்லையாம். அவர்தான் கையால் அடித்தாராம். அவர் இடதுகைக்காரர், அதனால் அவர் அடித்த எட்டு எல்லாமே இடது பக்கம் சாயும். நாலைப் பதிக்கும் உளியின் முனை உடைந்திருந்ததால் நாலை மட்டும் இரண்டு தடவை அடிக்க வேண்டியிருந்ததாம். சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்ட அவளுக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சாய்ந்த எட்டை அடையாளமாக வைத்தே மூன்று வண்டிகளை அசல் என்று எழுதிக் கொடுத்தாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதை மட்டும் எழுதவில்லை. தான் ஒரு தடவை தப்பாகச் சொன்னதை யாரிடமும் சொல்லவுமில்லை. அது வேறு வண்டி, அது போலியாகவே இருந்திருக்கலாம், யார் கண்டது என்று மனசைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. 'போலியைப் பிடிப்பது எப்படி' என்று வருஷத்துக்கு இரண்டு முறை சங்கத்தில் வகுப்பெடுப்பாள். அதில் அந்தப் போட்டோ கட்டாயம் வரும். வண்டியின் சொந்தக்காரருக்குச் சங்கடம் வேண்டாம் என்று எட்டையும் நாலையும் மட்டும் வெட்டிக் காட்டுவதைத் தன் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்வாள். எந்தப் படத்துக்கும் வராத சிரிப்பு அந்தப் படத்துக்கு வரும். அந்தச் சிரிப்பை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்து, வெட்டாத முழுப் படத்தைத் தேடி எடுத்தாள். எண் அப்படியே இருந்தது. டீச்சரின் ஷெட்டில் பார்த்த அதே எண். பக்கத்தில் அந்த மூன்று அசல் வண்டிகளின் படங்களை வைத்துப் பார்த்தாள். நான்கிலும் ஒரே சாய்வு. நாலில் ஒரே இரட்டை அடி. ஒரே இடதுகை.

அதே வீட்டில் இருக்கும் தம்பி மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தவள் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அந்தக் குடிகார எட்டுதான அண்ணி இது? எங்க அம்மாகிட்டகூடச் சொல்லிச் சிரிச்சேன்."

"போய் உன் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தாள். பிறகு வெகுநேரம் காப்பியைத் தொடவில்லை.

அறிக்கை எழுத உட்கார்ந்தாள். தப்பித்துக்கொள்ள வழி இல்லாமல் இல்லை. எண்ணைத் தேய்த்திருந்தால் 'ஐயத்துக்குரியது' என்று எழுத வேண்டும் என்பது அவளே வகுத்த விதி. ஒரே ஒரு வார்த்தை. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். டாக்டர் வேறு வண்டி பார்த்துக்கொள்வார். உதிரி பாகக் கடைக்காரர் மாதக் கடைசியில் வந்து அந்தப் பச்சைக் காரைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு போவார். அந்த வார்த்தையை இரண்டு தடவை எழுதினாள், இரண்டு தடவையும் அழித்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமாக எத்தனையோ புளுகு மூட்டைகளை அவிழ்த்துக் காட்டியவளுக்கு, தன்னுடைய மூட்டையின் முடிச்சு கையிலேயே இருந்தும் அவிழ்க்க வரவில்லை.

மறுநாள் காலையில் டாக்டரை அழைக்காமல் தனியாகப் போனாள். ஷெட்டில் வைத்தே படங்களைக் காட்டி, கிழவர் சொன்னதைச் சொன்னாள். சுருக்கமாகச் சொன்னாள், ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு படங்களையும் வரிசையாகப் பார்த்தார். கணக்கு டீச்சர் அல்லவா, இரண்டாம் தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்போ அந்தக் கோணல் நம்பர்தான் சரி."

"ஆமா டீச்சர்."

"அவர் தேச்சிருக்கவே வேண்டாம்."

"வேண்டாம்."

டீச்சர் பானெட்டின் ஓரத்தைத் துணியால் துடைத்தார். அங்கே தூசி எதுவும் இல்லை. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "நாலு வாரம்" என்றார். "ரெண்டு விரல்ல நகம் கறுத்துப்போச்சு, சுத்தி பட்டு. நான் மஞ்சளத் தடவிவிட்டேன். இப்ப பாக்குறவங்க ஒரு கோணல் சொல்ல முடியாதுன்னாரு."

அவள் மன்னிப்புக் கேட்டாள். பழக்கமில்லாத வேலை என்பதால் அது திருகாணி கழன்ற கதவு போல ஆடிக்கொண்டே வெளியே வந்தது.

"எங்கிட்ட எதுக்கு?" என்றார் டீச்சர். கோபமாகத்தான் சொன்னார், மறைக்கவில்லை. "எங்கிட்டயா சொன்னீங்க? நாப்பது பேருக்கு நடுவுல வச்சுச் சொன்னீங்க. அதே மாதிரி இதையும் சொல்லுங்க. நானும் வந்து உக்காந்து கேக்கணும்."

"அறிக்கையில எழுதி, என் பேரப் போட்டு, போட்டோவையும் வச்சுடறேன். டாக்டருக்கு அது போதும். வண்டி முழுசா அவர்கிட்டப் போயிடும்."

"வண்டிக்கு அது போதும்" என்றார் டீச்சர். "அவருக்குப் போதாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் வகுப்பு. காலைப் பத்து மணிக்கு ஹால் நிரம்பிவிட்டது. இந்த முறை அறுபது பேருக்குக் குறையாது. மூன்றில் ஒரு பங்கு தரகர்கள். அவர்கள் வருவதே அவளிடமிருந்து தப்பிக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ளத்தான். அறிக்கையைப் படித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்ட டாக்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் டீச்சர். மடியில் கைப்பை, அதன் மேல் இரண்டு கைகள்.

அவள் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுத் திரையில் படத்தைப் போட்டாள். இந்த முறை வெட்டாமல் முழு எண்ணையும் போட்டாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் சிரிப்பு கிளம்பிவிட்டது. "வந்துட்டான்டா குடிகாரன்!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். இன்னொருவர் தள்ளாடிக் காட்டினார். ஆறு வருஷமாக அவளே சொல்லிக்கொடுத்த சிரிப்பு. எங்கே தொடங்க வேண்டும், எங்கே கைதட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் மனப்பாடம். டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. கணவர் தேய்த்தழித்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள். லேசில் அடங்கவில்லை.

"இந்த எட்டு அசல்" என்றாள். "இதப் போலின்னு சொன்னது நான். தப்பாச் சொன்னேன். ஒரு நல்ல மனுஷன் அத நம்பிட்டாரு."

புது ஜோக் என்று நினைத்து அதற்கும் சிரித்தார்கள்.

அவள் முன்வரிசையைப் பார்த்தாள். டீச்சர் அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினாள்.